ரத்தத்தில் ஆள் பற்றாக்குறை

என் வீட்டுக்காரர் உப்பளத்தை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே நடத்தியவர். மரக்காணத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளின் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிகரெட்டைப் பற்ற வைப்பார். வரப்பில் இறங்கவே மாட்டார். மதியம் வீட்டுக்கு வந்து, ஏதோ தானே உப்பு வாரிச் சுமந்த மாதிரி, "ஒரே அசதிடி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம் அவருக்கு அடிக்கடி மூச்சு வாங்கியது. அவருடைய அண்ணன் நாற்பத்தைந்து வயதில் இதே அளத்தில் மாரடைப்பு வந்து செத்துப்போனவர். இவருக்கும் அந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வர மாட்டேன் என்று அடம்பிடித்தவரை நச்சரித்துப் பஸ் ஏற்றி, பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

டாக்டர் ஈ.சி.ஜி. பார்த்தார், ரத்தப் பரிசோதனை செய்தார். இதயத்தில் இப்போதைக்குக் கோளாறு இல்லை, ஆனால் நல்ல கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைவு என்றார். கொலஸ்ட்ராலில் நல்லது வேறு இருக்கிறதா என்று நான் விழித்தேன். தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர் இவரிடம், "பாத்தியில இருக்கிற உப்பைத் தூக்க ஆள் வரலன்னா என்னங்க ஆவும்?" என்று கேட்டார்.

"அங்கேயே கெட்டிப்பட்டுப் போயிடும்."

"அதே கதைதான். கெட்ட கொலஸ்ட்ரால் ரத்தக்குழாய் சுவத்துல படியுது. நல்லது அதை எடுத்துக்கிட்டுப் போயி ஈரல்ல சேர்த்துடும். ஈரல் அதை வெளியே தள்ளிடும். உங்களுக்குத் தூக்குற ஆள் கம்மி. சிகரெட்டை விடுங்க, தினமும் நடங்க. ஆள் கொஞ்சம் கொஞ்சமா சேரும்."

டாக்டர் சொன்னதில் ஆள் பற்றாக்குறை மட்டும் இவர் மண்டையில் ஏறியிருந்தது. மழைக்கு முன்னால் உப்பை வாரி முடிக்க ஆள் கிடைக்காவிட்டால் இவர் செய்வது ஒன்றுதான். அளத்திலேயே அடுப்பு மூட்டிக் கறிசோறு போடுவார். வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்து அளத்து ஆட்கள் வந்து சேருவார்கள். அதே வித்தையைத் தன் ரத்தத்திலும் காட்டத் தொடங்கினார். பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து நண்டும் இறாலும் வந்தன. தினமும் நெய்யில் முட்டை. "நல்லா சாப்பாடு போட்டா ஆளு தானா வரும்" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார்.

"வர்றது ஆளு இல்ல, எமன்" என்று நெய் டப்பாவைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நல்ல கொலஸ்ட்ரால் சட்டியிலிருந்து ஏறாது, உடம்பை அசைத்தால்தான் ஏறும் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கடைசியில் மனுஷன் சிகரெட்டை விட்டார். காலையில் நடப்பதற்கென்று அளத்துக்குக் கிளம்பினார். நான் பூரித்துப் போயிருந்தேன். அந்த வாரமே, உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்த அம்மாள் எங்கள் வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாம்மா, எங்க மேல சந்தேகமா? மொதலாளி தெனம் வரப்புல எறங்கி வர்றாரு. நாங்க இன்னா உப்பை மடியில கட்டிக்கினா போறோம்? இப்படியே இருந்தா ஒருத்தியும் வேலைக்கு வர மாட்டா."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. முதலாளி வரப்பில் இறங்கினால் திருட்டைப் பிடிக்கத்தான் இறங்குகிறார் என்று அளத்தில் அர்த்தம். நான் மானம் மரியாதை பார்க்காமல் டாக்டர் சொன்ன கதையை அப்படியே ஒப்பித்தேன். அவள் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடியது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க நடக்கிறாரும்மா? அவங்க அண்ணன் விழுந்தாரே, அந்த மதகு வரைக்கும் வர்றாரு. நிக்கிறாரு. அப்படியே திரும்பிப் போயி வண்டியில குந்திக்கிறாரு."

எனக்கு முகம் மாறிவிட்டது. அந்த மதகுக்குப் பக்கத்தில்தான் அண்ணன் விழுந்தார் என்பது எனக்கும் தெரியும். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மதகு வந்ததும் இவர் நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணன் நடந்துக்கினு இருக்கும்போதுதான்டி விழுந்தாரு. எனக்கும் அப்படியே ஆயிடும்."

அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை முட்டியது. அழுதால் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். அதனால் கோபப்பட்டேன். அது எனக்கு நன்றாக வரும்.

"உங்க அண்ணன் பாக்கெட் பாக்கெட்டா ஊதினாரு. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினே ஊதினாரு. டாக்டர் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. நடந்தா செத்தாரு? வாங்க!"

கையைப் பிடித்து இழுத்தேன். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஆள் சேர்க்கப் போறீங்களா மொதலாளி?" என்று மேஸ்திரி அம்மாள் குரல் கொடுக்க, அளமே சிரித்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.

மதகைத் தாண்டினோம். என் கையை நசுக்கிவிடுவது போலப் பிடித்திருந்தார். "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுடி" என்றார். என்னுடையதும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

"அடிச்சிக்கட்டும்" என்றேன். "அது நின்னாத்தான் வம்பு. நடங்க."