உப்பு கரைந்தது, குழி கரையவில்லை

அம்மனை நம்பி வாழ்கிற உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். நான்கு வருடம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே திரிந்தேன். அலுத்துப்போய்விட்டது.

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை எனக்கு. புடவையை என் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். பரு வந்து வந்து போனதில் இரண்டு கன்னத்திலும் ஆழமான குழிகள். ஒருநாள் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, புடவையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "அம்மை போட்டுச்சாம்மா?" என்றார். நல்ல மனுஷிதான். அன்றைக்கே முதலாளியிடம் கேட்டுக் குடோன் வேலைக்குப் போய்விட்டேன்.

பரு கரைய வேண்டுமென்று எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். பதினோரு வெள்ளிக்கிழமை கொட்டினேன். அதோடு விட்டேனா? சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கிவந்து முகத்தில் தேய்த்தேன். எரிந்து, கறுத்து, இருந்ததும் கெட்டது.

ஆடி கடைசி வெள்ளி. அழக்கூடத் தெம்பில்லை. "தாயே, குழிய மூடு. இல்லன்னா என் ஆசையயாவது மூடிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் காலில் அரிப்பு. விழுப்புரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அம்மா சும்மா இருக்கவில்லை. "எங்காலு கெடக்கட்டும் டாக்டரம்மா. இவ நாலு வருசமா மூஞ்சிய மூடிக்கினு திரியிறா, அதப் பாருங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

டாக்டரம்மா துப்பட்டாவை எடுக்கச் சொன்னார். கறுப்பைப் பார்த்து என்ன தேய்த்தாய் என்று கேட்டார், சொன்னேன். "எலுமிச்சம்பழம் இனிமே வேணாம். மொதல்ல பரு நிக்கணும். அப்புறம் சின்னக் குழியில ஆசிட்டு ஒரு பொட்டு வைப்போம். தோலுக்குக் கீழ நாரு இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கிற பள்ளத்துக்கு, கீழ ஊசி விட்டு அந்த நார அறுத்துவுடணும். லேசரும் இருக்குது, ஆனா உங்க தோலு கறுத்துடலாம். முழுசா போவாதும்மா. பாதி போனாலே பெரிசு."

நான்கு வருடத்தில், எல்லாம் போய்விடும் என்று என்னிடம் பொய் சொல்லாத முதல் ஆள் அவர்தான். அம்மன்தான் அங்கே உட்கார்ந்து பேசினாள் என்று நம்புகிறேன்.

ஒன்றரை வருடம் ஆனது. முகம் வீங்கும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி ஊசி. வேண்டாம் போ என்று பலமுறை தோன்றியது. குடோனில் மூட்டைமேல் சாய்ந்து, "இன்னும் ஒரு தடவைக்குத் தெம்பு குடு" என்று கேட்பேன். கிடைத்தது.

பாதிதான் போயிருக்கிறது. குழியைப் பாதி மூடினாள், என் ஆசையை மூடவில்லை. இந்தத் தையிலிருந்து மறுபடி புடவைப் பக்கம் நிற்கிறேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி.

நம்புங்கள், டாக்டரிடமும் போங்கள். உப்பைக் குளத்தில் கொட்டுங்கள், பழத்தை நிலைவாசலில் வையுங்கள், முகத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தால் நான் இருப்பேன். கன்னத்துக் குழியைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் வந்து பேசுங்கள்.