நான் சீக்கிரமா போன கச்சேரி

மயிலாப்பூர் சபாக்காரங்க எனக்கு நேரம் சொல்றப்போ அரை மணி முன்னாடியே சொல்லிடுவாங்க. ஆறு மணிக் கச்சேரின்னா அஞ்சரைன்னு. அது எனக்கும் தெரியும். அதனால ஆறு பத்துக்குப் போவேன். மிருதங்கக்காரன் தாளத்துல தப்பாம இருந்தா போதாதா?

ஒரு பாடகர் மட்டும் சரியான நேரத்தைச் சொன்னார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். மயிலாப்பூர்ல அவருக்கு முதல் சாயங்காலக் கச்சேரி. நல்லா அமைஞ்சாதான் மார்கழியில இடம். செக்ரட்டரி வேற பெரிய மிருதங்க வித்வானைப் போடறேன்னாராம். "அண்ணாகிட்ட சொல்லிட்டேன். அவர் இல்லேன்னா நானும் இல்லை"ன்னுட்டாராம் இவர். அதைக் கேட்டதும், இந்த ஒரு நாளாவது நேரத்துக்குப் போயிடணும்னு முடிவு பண்ணினேன்.

அன்னிக்கு சைதாப்பேட்டையில நாலு மணிக்கே ஜட்கா ஏறினேன். வண்டிக்காரன் வானத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான்.

"இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

மிருதங்கம் கூட கனம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. சந்தோஷத்துல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

சபாவுல ஜமக்காளம் கூட விரிக்கலை. பெருமையா உக்காந்து வெத்தலை போட்டேன். அஞ்சே முக்காலுக்குப் பாடகர் தம்புராவை மீட்டினார். நான் உறையை அவுத்து ஒரு தட்டு தட்டினேன்.

வெத்தலையைத் துப்பிட்டு வந்து இன்னொரு தட்டு தட்டினேன்.

அவர் பாடற சுருதி ரெண்டு கட்டை. என் மடியில இருந்த மிருதங்கம் நாலு கட்டை, அவருக்கு ரொம்ப உசரம். வீட்ல இருந்த ரெண்டு மிருதங்கத்துக்கும் என் சம்சாரம் ஒரே பழம்புடவையைக் கிழிச்சு உறை தைச்சிருந்தா. அவசரத்துல மாத்தித் தூக்கிட்டு வந்துட்டேன்.

செக்ரட்டரி ஓடி வந்தார். "அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்கார். ஆள் அனுப்பட்டுமா?"

"மிருதங்கத்தை மட்டும் வாங்கிண்டு வர முடியுமா?"ன்னார் பாடகர்.

"மிருதங்கம் வந்தா அவரும் கூடவே வருவார்."

"தம்பி, அவரே வாசிக்கட்டும். நான் போய் சுண்டல் சாப்பிடறேன்"னேன். தமாஷுக்குச் சொல்லலை.

பாடகர் என் மூஞ்சியைப் பாக்கலை. "எவ்வளவு எறக்கலாம், அண்ணா?"

"மூணு வரைக்கும். அதுக்குக் கீழ போனா தோல் தொளதொளத்துடும்."

"சரி. மூணுல பாடறேன்."

பிடில்காரர், "என் தந்தி தாங்கணுமே"ன்னு முணுமுணுத்துக்கிட்டே முறுக்கினார்.

மைக் இல்லாத காலம். கடைசி வரிசைவரைக்கும் தொண்டையாலதான் போகணும், அதுவும் ஒரு கட்டை ஏத்தி. வர்ணம் தப்பிச்சுது. மூணாவது பாட்டுல, மேல போற எடத்துல, குரல் இழை பிரிஞ்சுது. முன் வரிசையில ஒருத்தர் பக்கத்துல இருக்கறவர் காதைக் கடிச்சார். பாடகர் கழுத்து நரம்பைப் பாத்துக்கிட்டே வாசிச்சேன். பெரிய பாட்டு முடியறப்போ அவர் குரல் பாதி காத்துதான்.

தனி ஆவர்த்தனம் வந்துச்சு. நான் மட்டும் வாசிக்கிற கட்டம். ஜனங்க காப்பிக்கு எழுந்து போற கட்டமும் அதுதான். அவரே ஒரு தடவை, "அஞ்சு நிமிஷம் போதும், அண்ணா"ன்னு சொன்னவர்.

அன்னிக்கு நான் நிறுத்தலை. பாடகர் வலது கையால தாளம் போட்டுக்கிட்டு, இடது கையால கூஜாவுலேர்ந்து வெந்நீரை மொடக்கு மொடக்கா குடிச்சார். பத்து நிமிஷம் ஆச்சு. காப்பிக்குப் போனவங்க திரும்பி வந்து பாத்துட்டு மறுபடியும் போனாங்க. செக்ரட்டரி கதவோரமா நின்னு கடிகாரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். நான் வாசிப்புல சொக்கிட்ட மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். அரைக் கண்ணால பாடகர் தொண்டையை மட்டும் பாத்தேன். தெரிஞ்ச சொல்லெல்லாம் தீந்து, சின்ன வயசுல பாதி ராத்திரியில கத்துக்கிட்டதையெல்லாம் தோண்டி எடுத்தேன். கடைசியா அவர் மெதுவா கனைச்சுப் பாத்துட்டு, தலையை ஆட்டினார். அப்பதான் முடிச்சேன்.

அடுத்து விருத்தம். முன்னே இழை பிரிஞ்ச அதே உச்சிக்கு ஏறினார். இந்தத் தடவை குரல் பிரியாம நின்னுச்சு. கடைசி வரிசையில ஒருத்தரும் அசையலை.

"நேரத்துக்கு வந்தீரேன்னு பாத்தா, நிறுத்த மாட்டேங்கறீரே, ஓய்!"ன்னு கச்சேரி முடிஞ்சதும் செக்ரட்டரி என்னைப் பிடிச்சுக்கிட்டார். பாடகர் பக்கத்துலதான் நின்னார். கூஜாவுல மிச்சமிருந்த வெந்நீரை எனக்கு ஊத்திக் குடுத்தார்.

மார்கழியில அவருக்கு இடம் கிடைச்சுது. அந்தக் கச்சேரி அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கே சைதாப்பேட்டையில என் வீட்டுக்கு வந்துட்டார். நேரா உள்ள வந்து, மிருதங்க உறையை அவுத்து, ஒத்தை விரலால ஒரு தட்டு தட்டி சுருதியைக் கேட்டார். திரும்பக் கட்டினார்.

"வண்டி நிக்கறது, அண்ணா."