சின்னவனுக்குக் கைதட்டாத வீடு

என் இளைய மகன் மெல்போர்னில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் கூப்பிடுவான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, நாமக்கல்லில் வெயில் எப்படி என்று மூன்று கேள்விகள். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். என் மனைவி இருந்தவரை போன் அவள் கையில்தான் இருக்கும். அம்மாவும் பிள்ளையும் அரை மணி நேரம் பேசுவார்கள், நான் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் போன பிறகுதான் எனக்கும் அவனுக்கும் பேச ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அந்தக் குறையை டென்னிஸ் கொஞ்சம் மறைத்தது.

எனக்கும் டென்னிசுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது வேடிக்கையான கதை. இங்கே ஒரு விடுதிப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன். அந்தப் பள்ளியில் ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. விளம்பரப் புத்தகத்தின் அட்டைக்காகப் போட்ட மைதானம் அது. புகைப்படக்காரர் வரும் நாளில் மட்டும் வலை கட்டுவார்கள். மற்ற நாட்களில் பிளஸ் டூ பிள்ளைகள் அதில் வரிசையாக உட்கார்ந்து சத்தம்போட்டு மனப்பாடம் செய்வார்கள். கையில் பிரம்போடு நான் அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பேன். கோடு எதற்கென்று தெரிந்துகொண்டது எழுபது வயதுக்கு மேல், தனியாக டிவி முன்னால் உட்கார்ந்த மத்தியானங்களில்.

ஒரு ஆட்டக்காரரைப் பற்றித்தான் எங்கள் பேச்சு பெரும்பாலும் இருக்கும். பெயர் வேண்டாம். சின்ன நாட்டுக்காரர். ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் புள்ளி எடுத்தால் அரங்கம் பேசாமல் இருக்கும், தவறவிட்டால் கைதட்டும். எனக்கும் அவரைப் பிடிக்காது. என் மகனுக்கு அவர்தான் எல்லாம்.

சென்ற ஜனவரியில், மெல்போர்ன் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்த ஞாயிறு காலையில், மகன் வழக்கமான மூன்று கேள்விகளுக்குப் பிறகு சொன்னான்.

"இன்னைக்கு நேர்ல பாக்கப் போறனுங்கப்பா. டிக்கெட் கெடச்சிருச்சு."

"போயிட்டு வா சாமி. உங்காளு தோப்பாரு."

"தோத்தா உங்களுக்குத்தான் சந்தோசம்." சிரித்தான். பிறகு, "ஒண்ணு கேக்கோணுமுங்கப்பா. இங்க பாதிச் சனம் அவரைப் பாத்தாலே கூச்சல் போடுது. என்ற ஆபீஸ்ல சீனாக்காரங்க அவரைத் தலைல வச்சு ஆடறாங்க. அவரு ஊர்ல சாமி மாதிரி. ஆளு ஒருத்தருதான், ஆட்டமும் ஒண்ணுதான். ஊருக்கு ஊர் ஏனுங்க இப்படி?"

வழக்கமான மூன்றைத் தவிர, பல ஆண்டுகளுக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

மத்தியானம் ஆட்டம் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்டவர். டென்னிஸ் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இந்த நெட்டையன் அடிச்சா மட்டும் ஏன் ஒருத்தனும் கை தட்ட மாட்டீங்கறான்?" என்று கேட்டார்.

"அவரை யாருக்கும் புடிக்காதுங்க."

"அவன் என்ன, இவனுக ஊட்டுப் பொண்ணையா தூக்கிட்டுப் போனான்? நான் இவன் பக்கம்."

"ஆட்டமே தெரியாம எப்படிங்க பக்கம் சேருவீங்க?"

"தெரிஞ்ச நீங்க எதைப் பாத்து அந்தப் பக்கம் சேந்தீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல."

அவர் என் வீட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அந்த ஆட்டக்காரரின் ஒவ்வொரு அடிக்கும் கைதட்டினார். கடைசியில் அந்த ஆட்டக்காரரே ஜெயித்தார்.

அடுத்த ஞாயிறு வரை யோசித்தேன். பாடம் நடத்துவது போலவே மகனிடம் சொன்னேன். அந்த ஆட்டக்காரர் வருவதற்கு முன்பே, கூச்சல் போடும் ஊர்களிலெல்லாம் சனங்கள் வேறொருவருக்கு மனதைக் கொடுத்துவிட்டார்கள். கண்ணுக்கு அழகான ஆட்டம், சிரித்த முகம். பின்னால் வந்தவர் அவரைத் தோற்கடித்தபோது, தங்கள் வீட்டுப் பிள்ளையை எவனோ அடித்தது போல இருந்தது. நாம் இந்த ஆட்டத்தை வெள்ளைக்காரர்களின் வர்ணனையோடு சேர்த்தே வாங்கிக்கொண்டோம், அதனால் அவர்களுடைய பிரியமும் கோபமும் நமக்கும் ஒட்டிக்கொண்டன. முன்பே யாருக்கும் மனதைக் கொடுக்காத நாடுகளில் ஆட்டத்தை மட்டும் பார்த்தார்கள். பிடித்துப் போனது.

"அப்படீன்னா அவரு மேல தப்பு இல்லீங்களா?"

"தப்பென்ன? பின்னால வந்தான். வந்து ஜெயிச்சுப்போட்டான். அவ்வளவுதான்."

அவன் கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "நம்ம ஊட்லயும் அப்படித்தானுங்களே அப்பா."

மாத்திரையை மறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவன் எதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவனைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு மகன்கள். ஒரு வயது இடைவெளி. பெரியவன் எல்லோருக்கும் செல்லம். நன்றாகப் பாடுவான், யார் வீட்டுக்கு வந்தாலும் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுப்பான். சின்னவன் சிரிக்க மாட்டான். கேரம் ஆடி அவன் ஜெயித்தால் அவன் அம்மாவே, "அண்ணனுக்கு உட்டுக்குடுத்தா கொறஞ்சா போவே?" என்பாள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

பெரியவன் பிளஸ் டூவில் டாக்டர் சீட்டுக்குப் போதுமான மதிப்பெண் எடுக்கவில்லை. அப்போதெல்லாம் இன்னொரு வருடம் படித்து அதே பரீட்சையைத் திரும்ப எழுதலாம். இம்ப்ரூவ்மென்ட் என்பார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் அதற்குத் தனி வகுப்பே நடந்தது. பெரியவனை அதில் சேர்த்தேன். சின்னவனும் அதே ஆண்டு பிளஸ் டூ, நான் வேலை பார்த்த பள்ளியிலேயே. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே வினாத்தாளை எழுதினார்கள். பெரியவன் எழுதப் போனபோது நெற்றியில் திருநீறு பூசி வாசல்வரை போனோம். சின்னவன் அவனுக்குப் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டு போனான்.

முடிவு வந்தது. பெரியவனுக்கு முந்தைய வருடத்தை விடக் குறைந்துவிட்டது. சின்னவன் அவனைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தான். பெரியவன் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதான். அன்று வீட்டில் இனிப்பு இல்லை. உறவுக்காரர்கள் போனில் சின்னவன் எப்படி என்று கேட்டபோது, "அவன் பாஸ் ஆயிட்டானுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களின் படங்களைப் பெரிய பேனராக அடித்துப் பேருந்து நிலையத்தின் எதிரே கட்டுவது எங்கள் பள்ளியின் வழக்கம். பிள்ளைகள் இரண்டு வருடம் தூக்கம் கெட்டது அந்தப் படத்துக்காகத்தான். பட்டியல் போடுவது என் வேலை. பெரியவன் தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவன் கண்ணில் படக்கூடாது என்று சின்னவன் பெயரை எடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆசிரியர் தன் மகன் படத்தைப் போட்டுக்கொள்வது முறையல்ல என்று சொல்லத் தயாராக இருந்தேன். தியாகம் போலத் தோன்றும் பொய்.

இதை அடுத்த ஞாயிறு போனில் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"தெரியுமுங்கப்பா," என்றான். "பேனர் கட்டுன அன்னைக்கே போய்ப் பாத்தேன். மூணு தடவ தேடுனேன். அப்பறம் பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி."

"கேட்டு?"

அவனே கேட்டான். "அண்ணன் மார்க்கு ஞாபகம் இருக்குங்களா?"

இரண்டு வருட மதிப்பெண்ணையும் கடைசி எண் வரை சொன்னேன். இயற்பியலில் எவ்வளவு என்பது உட்பட.

"என்றது? என்ற மார்க்கு?"

எவ்வளவோ பேர் மதிப்பெண்ணை மனதில் வைத்திருந்தவன் நான். அந்த ஒன்று என்னிடம் இல்லை.

"செரிங்கப்பா. ஒடம்பப் பாத்துக்குங்க," என்றான்.

வீட்டில் தேடினேன். பெரியவனுடைய சான்றிதழ்கள் லேமினேஷன் செய்து பீரோவில் இருக்கின்றன. சின்னவன் தன்னுடையதை ஒன்று விடாமல் எடுத்துப் போயிருக்கிறான். சேலத்தில் இருக்கும் பெரியவனைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவான். தோற்றவனுக்கு அது மறந்திருக்காது. ஆனால் அவனிடம் கேட்டு வாங்கி ஒப்பிப்பதும் இன்னொரு மோசடிதான்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. பத்து மணி தாண்டி, பன்னிரண்டு தாண்டி, மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை நானே கூப்பிட்டேன். அவன் அம்மா இறந்த தகவலைச் சொல்லக் கூப்பிட்டதற்குப் பிறகு நானாக அவனைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. எடுத்தவுடன் பதறிவிட்டான்.

"என்னாச்சுங்கப்பா? அண்ணனுக்கு ஏதாச்சுங்களா?"

"ஒண்ணும் இல்ல சாமி. எல்லாரும் நல்லா இருக்கறோம். உன்ற மார்க்கு எவ்வளவுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. யாரோ இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள்.

"ஞாபகம் இல்லீங்கப்பா. சர்ட்டிபிகேட்டப் பாத்துத்தான் சொல்லோணும்."

"செரி. பாத்துச் சொல்லு."

"சொல்றனுங்க."

பிளஸ் டூ மதிப்பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் சாகும்வரை மறப்பதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் கூப்பிடுகிறான். சாப்பாடு, மாத்திரை, வெயில். மூன்று மாதம் ஆகிறது, மதிப்பெண்ணை இன்னும் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை. அவன் போனை வைக்கும்வரை காத்திருந்து, பிறகு நான் வைக்கிறேன்.