முதுகுக்குப் பின்னால் விமானம்

யுத்தகாலத்தில் மதுரைக்குத் தெற்கே விமான மைதானம் போட்டிருந்தார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த நான் ஞாயிறுதோறும் வில்லாபுரத்திலிருந்து சைக்கிளில் போய், வேலிக்கு வெளியே கருவேல மரத்தடியில் மறைந்து நின்று விமானங்களை நோட்டில் வரைவேன். அது குற்றம் என்று தெரிந்தும் ஆசை விடவில்லை.

வேலியோரம் ஒரு காவல்காரர் நிற்பார். ஒட்டிய கன்னம், தொளதொளவென்ற காக்கிச் சட்டை. முதுகுக்குப் பின்னால் விமானம் எவ்வளவு இரைச்சலோடு இறங்கினாலும் திரும்ப மாட்டார். சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் என்னைப் பிடித்துவிட்டார். நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே என் பெயரும் விலாசமும் இருந்தன. உளவாளி என்று ஜெயிலில் போட்டுவிடுவார்களே என்று பதறிக் கெஞ்சினேன்.

"ஆசைக்கு வரைஞ்சதுண்ணே. வேற ஒண்ணுமில்ல."

அவர் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். "மூக்கு இம்புட்டு நீளமாவா இருக்கு?"

"நீங்க பாத்ததில்லையாண்ணே?"

"ரோட்டத்தான் பாக்கணும்னு உத்தரவு தம்பி. திரும்புனா வேலை போயிரும். தலைக்கு மேல போறப்ப அடிவயிறு தெரியும், அம்புட்டுத்தான்."

கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, நோட்டைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"இதக் கையில வச்சுக்கிட்டுப் போனா வழியில மாட்டிக்கிருவீக. வெறுங்கையோட போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீக."

வீடு வரை நிற்காமல் மிதித்தேன். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் மூச்சு வந்தது. மாதங்கள் போயின, என்னைத் தேடி யாரும் வரவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் நோட்டை வாங்கிக்கொண்டாரா, தனக்கு வேண்டுமென்றா என்று இன்றுவரை தெரியாது. தனக்காகவே வாங்கியிருந்தால் எனக்குச் சந்தோஷம்.