ஸ்கேன் அறையில் ஆறு தம்ளர் தண்ணீர்

மூத்திரப்பை முட்டினால்தான் கர்ப்பப்பையும் சினைப்பையும் திரையில் தெரியும். அதனால் வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஆறு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, பாத்ரூம் போகவிடாமல் காவல் இருப்பதுதான் என் உத்தியோகம். தொண்ணூறுகளில் ராஜபாளையத்து ஸ்கேன் சென்டரில் என் பெயர் 'தண்ணிக்கார அக்கா'. என் கையால் குடித்துவிட்டுக் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த புண்ணியவதிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வெறும் வயிறு

சொர்ணத்தக்காவுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தாள். வயது ஐம்பத்திரண்டு, தீட்டு நின்று மூன்று வருஷம். நாலு மாசமாக வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. ரெண்டு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும். அரைமணிக்கொரு தரம் பாத்ரூம். வெறும் கேஸ் டிரபிள் என்று ஓமத்தண்ணீரிலேயே நாளை ஓட்டியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிறு என்று நினைத்து, பல்லில் பச்சைத்தண்ணி படாமல் வந்திருந்தாள். தம்ளரை நீட்டினேன். ஐந்தாவதில் எழுந்து ஓடியே போய்விட்டாள். அடக் கொடுமையே! மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். "ஏட்டி, நிக்காமப் போகுதுன்னு வைத்தியத்துக்கு வந்தவளப் போகக்கூடாதுங்கியே, இது எந்த ஊரு நாயம்?" என்றாள்.

இருட்டறை

அந்த அறைக்குள் போனால் எனக்கே பாதி உறக்கம்தான். ஏசி குளிர், இருட்டு, திரையில் மட்டும் சாம்பல் வெளிச்சம், பிளவக்கல் மலைமேல் மழை இறங்குவது மாதிரி. சொர்ணத்தக்காவுக்கு முன்னால் படுத்த கல்லூரிப் பெண்ணுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. வெறும் கறுப்பு வட்டம். "வயசுப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தானாப் போயிரும், ரெண்டு மாசம் கழிச்சு வாம்மா" என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

சொர்ணத்தக்காவுக்கும் சினைப்பையில் கட்டிதான்; ஆனால் அந்தக் கறுப்புக்குள்ளே வெள்ளையாகச் சதை மிதந்தது. தீட்டு நின்ற பிறகு இப்படி இருந்தால் விடக்கூடாது, மதுரையில் ஆபரேஷன் செய்து சோதித்தால்தான் புற்றா இல்லையா சொல்லமுடியும் என்றார் டாக்டரம்மா. சொர்ணத்தக்காவோ கண்ணை மூடியபடியே, "அது பாட்டுக்கு உறங்குது, உறங்கட்டுமே டாக்டரம்மா. எதுக்கு எழுப்பிவிடணும்?" என்றாள்.

மதுரை பஸ்

ரெண்டு வாரமாகியும் அவள் மதுரைக்குப் போகவில்லை. லீவு போட்டுவிட்டு வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். "பயமா இருக்கு" என்றாள் ஒரே வார்த்தையில். "நானும் வாரேன் அக்கா, கிளம்புங்க" என்றேன்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை எங்களோடு வருவதும் பின்தங்குவதுமாக இருந்தது. அந்த மயக்கத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்: ஆறு மாசமாக எனக்கும் அடிவயிற்றில் வலி. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடிப் பாவி! ஊருக்கெல்லாம் தண்ணி குடுக்கவ, நீ ஒருநா குடிச்சுப் பாத்தியா? குடிக்கேன்னு சொல்லு, அப்பத்தான் நான் கத்திக்குப் படுப்பேன்!" குடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவள்

புற்றுதான். ஆனால் சினைப்பையைத் தாண்டவில்லை. ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, மறுபடி விரற்கடை முளைத்த தலையோடு ஒருநாள் சென்டருக்கு வந்து நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் இன்னும் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று தெரிந்ததும் என் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி மொண்டு நீட்டினாள். "அழுததெல்லாம் போதும், குடி. ஆறு. நான் எண்ணுவேன்."

ஸ்கேனில் பார்த்ததில், என் வயிற்றிலிருந்தது தானாகக் கரைகிற கட்டியாம், கரைந்தும் போயிற்று. ஆனால் அந்த ஆறாவது தம்ளரில், இத்தனை வருஷமாக நீங்களெல்லாம் என்னை மனசுக்குள் என்னவென்று திட்டியிருப்பீர்கள் என்பது எனக்கு வார்த்தை விடாமல் கேட்டது.