பேய்ப்படமும் அக்காவின் பிள்ளையும்

அக்கா இறந்த பிறகு நான் அழுததைவிடப் பயந்ததுதான் அதிகம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னோடு ஒரே பாயில் படுத்தவள் அவள். எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவள். தவளையைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவளுக்குப் போய் நான் பயந்தேன்.

பிள்ளைப் பேற்றில் போனாள். ஆண் பிள்ளை பிழைத்தது. வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் அப்படி இறந்தவளைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். அவள் கெட்ட பேயாகிவிடுவாள், பெற்ற பிள்ளையைத் தேடி வருவாள், இரத்தம் குடிப்பாள் என்று. அதனால் சுடலைக்குப் போன வழியெல்லாம் கடுகு தூவினார்கள். மாமா வாசல் நிலையில் இரும்பு ஆணி அடித்தார். நான் உள்ளே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அக்கா உள்ளே வராமல் இருக்க அடிக்கிற ஆணி. ஆனால் அது அவளுடைய வீடு. எங்களில் வீடு மூத்த மகளுக்குத்தான் போகும். அக்காவின் புருஷன், என் அத்தான்தான், உன்னிச்சை ஊரிலிருந்து கலியாணம் முடித்து எங்களோடு வந்திருந்தவர்.

அதன்பிறகு பிள்ளை என் கையில்தான். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிச் சங்கால் பருக்கினேன். பிள்ளை தூங்குகிற ஏணைச் சேலைக்கு அடியில் பாக்குவெட்டியும் வேப்பிலையும் வைத்திருந்தோம்.

அறுவடை முடிந்து வயல் வட்டை காய்ந்து கிடந்த நேரத்தில் பயஸ்கோப்பு வந்தது. படக்காரர்கள் பெட்டிகளை வள்ளத்தில் ஏற்றி ஆற்றைக் கடந்து வந்தார்கள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வெட்டிய வயலில் தென்னங்கிடுகால் அடைத்து, வெள்ளைச் சேலை கட்டி, பொழுதுபட்டதும் காட்டத் தொடங்கினார்கள். எனக்குப் போக மனமில்லை. அம்மாதான் மாமியோடு அனுப்பிவிட்டா. மாமி என்றால் என் மாமாவின் மனைவி.

"போயிட்டு வா மகள். மூலைக்குள்ளயே கிடந்து நீயும் செத்துப் போகாத. புள்ளய நான் பாக்கிறன்."

என்ன படம் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்கமாட்டா.

படத்தில் பேச்சில்லை. நடுவில் எழுத்து வந்தது, அதுவும் எங்களில் யாருக்கும் தெரியாத எழுத்து. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று கதை சொன்னார். இயந்திரம் ஒன்றுதான். ஒரு சுருள் முடிந்ததும் நிறுத்தி, காஸ் விளக்கைக் கொளுத்தி, அடுத்ததை மாட்டுவார்கள். அதற்குள் சனம் கச்சான் கடலை வாங்கும், வெற்றிலை போடும்.

முதல் சுருளில் ஒரு பெண் பிள்ளை பெற்று இறக்கிறாள். புருஷன் இன்னொருத்தியைக் கட்டுகிறான். எனக்கு அப்போதே எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. மாமி என் கையைப் பிடித்து அமத்தினா.

அடுத்த சுருளில் இறந்தவள் வந்தாள். வெள்ளைச் சேலை, விரித்த தலை. நேரே போய் இரண்டாம் மனைவியின் கழுத்தை நெரித்தாள். பெண்கள் பக்கத்தில் ஒரே கூச்சல். விளக்கைக் கொளுத்திய பிறகும் என் பல் கிடுகிடுத்தது.

மூன்றாம் சுருளில் அந்த இரண்டாம் மனைவி ஒன்றும் நடக்காதது போல அடுப்படியில் இருந்தாள். பால்சட்டியைத் தூக்கி ஒளித்து வைத்தாள். பிள்ளை வாயைத் திறந்து திறந்து அழுதது.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்: "என்ன கா கதைகாரர், இப்பதானே அந்தப் பொண்டு கழுத்து நெரிபட்டுச் செத்தா. ஒழும்பி வந்து அடுப்பு ஊதுறா?"

"செத்தா எண்டு ஆர் சொன்ன? மயங்கினவ" என்றார் கதைகாரர்.

"அப்ப எங்கட மனிசியும் மயங்கித்தான் கிடக்கிறா போல. விடியச் சோறாக்க ஒழும்புறாவே இல்ல."

கொட்டகை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அது பேயின் கண் பட்ட பால், அதனால்தான் ஒளித்து வைக்கிறாள் என்று கதைகாரர் சொன்னார். நாங்கள் நம்பினோம்.

நாலாம் சுருளில் ஏணை தானாக ஆடியது. யாருமில்லை, ஆடியது. பிறகு அவள் தெரிந்தாள். குனிந்து பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்தாள். தலைமுடி விழுந்து முகத்தை மறைத்தது. கதைகாரர் குரலைத் தாழ்த்தி, "பாருங்க, ரெத்தம் குடிக்கிறா" என்றார். கடைசியில் வெறும் ஏணையைக் காட்டினார்கள். புருஷன் தலையில் அடித்துக்கொண்டு நின்றான். "கொண்டு போயிட்டா" என்று சொல்லிக் கதைகாரர் பிரம்பைக் கீழே வைத்தார். படம் அவ்வளவுதான்.

யாரும் கேள்வி கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த பேயும் அப்படித்தானே செய்யும்.

வரம்பில் நடந்து வரும்போது மாமி, "உன்னக் கூட்டி வந்திரிக்கப்படாது" என்று மட்டும் சொன்னா.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் படம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எது முதல், எது பிறகு என்று வரிசையாக. முதலில் வீட்டில் இருப்பவளைப் பயப்படுத்துவாள். பிறகு பால் கெடும். பிறகு ஏணை ஆடும். பிறகு பிள்ளை இருக்காது. இந்த வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்த கொஞ்சக் காலத்தில் ஒரு பாட்டுக்கூட எனக்கு இப்படி மனப்பாடம் ஆனதில்லை.

ஒரு நாள் தூக்கத்தில் என் கழுத்தில் ஏதோ அமத்தினது போல இருந்தது. விழித்துப் பார்த்தால் என் தலைமுடிதான் சுற்றிக் கிடந்தது. முடிதான் என்று தெரிந்தும் விளக்கைக் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். சில நாளில் பால் திரிந்தது. கோடை, திரியத்தான் செய்யும் என்றா அம்மா. அதன்பிறகு ஒரு மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கிற நேரம், அம்மா கிணற்றடியில் இருந்தா. வளவில் ஒரு காகம்கூட இல்லை. நான் உலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஏணை ஆடிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை. பிள்ளை நல்ல நித்திரை. ஏணை போய்ப் போய் வந்தது, கை வைத்து ஆட்டுகிற மாதிரி. அக்கா வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோது அந்த ஏணையைக் கட்டி, வெறும் சேலையை ஆட்டிப் பார்த்துச் சிரித்தவள். எனக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. வந்ததெல்லாம் தலைமுடி விழுந்த அந்த முகம்தான். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

அன்றுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மாமாவைக் கூப்பிட்டனுப்பினா. எங்கள் தாய்வழிக் குடியில் ஆண்களில் மூத்தவர் அவர்தான். பிள்ளை தாயின் குடிக்குச் சேர்ந்தது, அதனால் பிள்ளையைப் பற்றி மாமாதான் முடிவு சொல்ல வேண்டும்.

மாமா ஆணி அடித்த நிலையைத் தடவிப் பார்த்தார். "இந்த வீடு அவட வீடு. ஆணிக்கு நிக்கமாட்டா. புள்ள இஞ்ச இருந்தா வந்துகொண்டுதான் இருப்பா. தகப்பன்ட ஊருக்கு அனுப்புங்க. அந்த வழி அவளுக்குத் தெரியாது."

அம்மா அழுதா. "எங்கட குடிப் புள்ளயப் பிறத்தியாருக்குக் குடுக்கிறதா தம்பி?"

"உசிரோட இருந்தாத்தானே குடிப் புள்ள?"

அத்தான் மாமரத்தடியில் நின்றார். அக்கா போன பிறகு அந்த வீட்டில் எங்கே உட்காருவது என்றே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. மெதுவாகச் சொன்னார்: "எங்கட ஊர்க் குளத்தடியில இப்ப ஒரே காச்சல் மாமா. எங்க அம்மாவும் பாயோட கிடக்கிறா. பால் குடுக்க ஒரு ஆடுகூட இல்ல."

மாமா அவர் பக்கம் திரும்பவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பிள்ளை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனால் ஏணையும் இருக்காது என்றுதான் என் மனம் ஓடியது. அதேநேரம் அவன் என் விரலைப் பிடித்திருந்தான். அவன் விரல் நகம் அக்காவின் நகம் போலவே அகலமானது. குளத்தடிக் காய்ச்சலுக்குப் பெரிய ஆட்களே தாங்காமல் விழுந்துகொண்டிருந்தார்கள்.

பிள்ளையை அனுப்ப வண்டி பேசி வைத்த அன்று விடியல் வெள்ளாப்பில் காத்தான்குடிப் புடவைக்காரர் மூட்டையோடு வந்தார். ஆறு கடந்து எங்கள் ஊருக்கு வழக்கமாக வருகிறவர், நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர். பயணத்துக்குப் பிள்ளையைச் சுற்ற அம்மா ஒரு துண்டு துணி கேட்டா.

"இந்தப் பச்சப் புள்ள எங்க தங்கச்சி பயணம்?" என்று கேட்டார். அம்மா சொன்னா. படத்தையும் சொன்னா.

அவர் துணியைக் கிழிக்காமல் நிறுத்தினார். "அந்தப் பேய்ப் படமா? நான் செங்கலடியில பாத்தன். அது ரெத்தம் குடிக்கல்ல கா. பால் குடுக்கிறா."

"கதைகாரர் ரெத்தம் எண்டாரே காக்கா" என்றேன் நான்.

"அவன் ஆயிரம் செல்லுவான். பாலை ஒளிச்சு வெச்சுப் புள்ளயப் பட்டினி போடுறவ அந்த ரெண்டாம் பொண்டாட்டி. அதப் பாத்துப் பொறுக்காமத்தானே செத்த தாய் வாறா."

"அதுக்கு முன்னமே வந்து கழுத்த நெரிச்சிட்டாவே?"

"கழுத்தா? நான் பாத்ததில கழுத்து நெரிக்கவே இல்லியே புள்ள."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அல்லாவே. பெட்டி கவுண்டதுதான் காரணம். இஞ்ச வரக்க நானும் அந்த வள்ளத்திலதான் வந்த. துறையில இறக்கக்க பெட்டி தண்ணிக்க விழுந்து, படச்சுருள் தகரமெல்லாம் மிதந்து, நான்தான் பொறுக்கிக் குடுத்தன். மேல ஒட்டின நம்பர்க் கடதாசி ஒண்டும் இல்ல. எது முன்ன, எது பின்ன எண்டு அவனுகளுக்கே தெரியாமப் போயிரிக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க கடைசியா எதப் பாத்தீங்க காக்கா?"

"அந்தப் பொண்டு புள்ளயத் தூர இடத்துக்கு அனுப்பிட்டா. வெறும் ஏணையக் காட்டினான். அதோட வண்டிக்காரன் கூப்பிட்டான், வந்திட்டன். முடிவு தெரியா."

நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். அவர் பார்க்காமல் விட்ட கடைசிச் சுருள்தான் நாங்கள் இரண்டாவதாகப் பார்த்தது. பிள்ளைக்குப் பால் இல்லை. தாய் வந்தாள். ஆட்டினாள், பருக்கினாள். அதுவரை ஒருவரையும் தொடவில்லை. பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கழுத்து.

வெளியே மாமா வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையோடு போய் அவர் முன்னால் நின்றேன். "மாமா, புள்ளய அனுப்பாதீங்க."

"என்ன புள்ள, நீதானே அலறிக்கொண்டு ஓடி வந்தாய்?"

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உளறிக் கொட்டினேன். சுருள் மாறியதையும், பாலையும், அனுப்பின பிறகு கழுத்து நெரித்ததையும். மாமா பாதியில் கையை உதறினார்.

"பயஸ்கோப்பப் பாத்தா குடி நடத்துற?"

"அனுப்புறதும் பயஸ்கோப்பப் பாத்துத்தானே மாமா."

நான் அழுதுகொண்டே சொன்னேன்: "அங்க பால் இல்ல எண்டு அத்தான் செல்லுறாரு. பால் இல்லாத இடத்துக்கு அனுப்பினா அவ அங்க போகமாட்டா. அனுப்பினவங்களத் தேடித்தான் வருவா. உங்களிட்டயும் வருவா."

மாமா சட்டென்று வீட்டு வாசலைப் பார்த்தார். அவர் முகத்திலும் அதே பயம். இவ்வளவு நாளும் மாமாவுக்குப் பயம் கிடையாது என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "அப்ப நீ பாப்பியா?"

"பாப்பன்."

"புள்ளைக்கு ஒண்டு நடந்தா?"

மாமா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வைக்கோலில் வைத்திருந்த துணி மூட்டையை எடுத்து என் தோளில் போட்டார். அத்தான் தன் ஊர் வயல் வேலைக்கு அந்த வண்டியில் தனியாகத்தான் போனார். ஏறுவதற்கு முன் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுவிட்டு, "பால் காய்ச்சக்க தண்ணிய நல்லாக் கொதிக்க வை" என்று என்னிடம் சொன்னார். அக்கா இறந்த பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

புடவைக்காரர் அந்தத் துணியைக் கிழித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, காசு பிறகு பார்ப்போம் என்று மூட்டையைத் தூக்கினார்.

பிள்ளை இப்போது தவழுகிறான். எனக்குப் பயம் போகவில்லை. கடுகு தூவிய வழியால் நான் இன்னும் நடப்பதில்லை. முன்பு அவள் வந்துவிடுவாளோ என்று பயந்தேன். இப்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று பயப்படுகிறேன். அவன் கொஞ்சம் மெலிந்தது போல் தெரிந்தால் எனக்குக் கழுத்தடி வேர்க்கும். சில பகலில் வீடு அடங்கிக் கிடக்கும்போது, அவள் வரவே மாட்டாள் என்ற நினைப்பும் வரும். அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்கமுடியாதது.

நேற்று மத்தியானமும் அப்படித்தான். அவன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்டப் பால் பருக்கினேன். குடித்ததெல்லாம் என் மடியில் கக்கிவிட்டான். அம்மா வந்து சங்கைப் பிடுங்கினா.

"வயிறு முட்ட முட்ட ஆருக்குக் காட்டுறதுக்கு ஊத்துறாய்?"

ஆணி அடித்த நிலைப் பக்கம் பார்க்காமல் அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.