சிவப்பு வட்டம்

லாட்ஜ் முதலாளிகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். அறை முன்பதிவுக்கான மென்பொருள் விற்கும் சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று என் லேப்டாப் திரையை அப்படியே பதிவு செய்து, கூடவே பேசி, சின்ன வீடியோவாக வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஏற்காட்டில் எங்களிடம் மென்பொருள் வாங்கிய முதலாளிகள் எல்லோரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். என் கணவர் மேனேஜராக இருந்த லாட்ஜின் முதலாளியும் இருந்தார்.

ஆரம்பத்தில் அவர்கள் சந்தேகம் கேட்ட அழகைச் சொல்ல வேண்டும். மானிட்டரைப் போனால் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதில் மானிட்டர் கொஞ்சம் தெரியும், ட்யூப் லைட் நிறையத் தெரியும். ஒருவர் ரிசப்ஷனையே எடுத்து அனுப்பிவிட்டு, "கண்ணு, இதுல எது தப்பு?" என்று கேட்டார். சுவரில் மாட்டியிருந்த சாமி படமும் நேற்றைய மாலையும்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. கோபத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எப்படி என்று ஒரு வீடியோ போட்டேன். படத்தை எடுங்கள், புரியாத இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுங்கள், கீழே "சந்தேகம்" என்று எழுதி உங்கள் கேள்வியைக் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். முதலில் கற்றுக்கொண்டவர் எங்கள் முதலாளிதான். அறுபதைத் தாண்டிய மனிதர், வட்டத்தை அவ்வளவு நேர்த்தியாகப் போடுவார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரை எங்கள் முதலாளி என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், நாங்கள் குடியிருந்த வீடு. வாழவந்தி போகும் சாலையில், மேனேஜருக்கென்று அவர் ஒதுக்கியிருந்த வீடு அது. என் கணவரைத் தம்பி என்பார், என்னைக் கண்ணு என்பார். ஆனால் எங்களுக்கு முன்னால் இருந்த மேனேஜர் வேறு வேலை தேடுவதாக வாயைத் திறந்த வாரமே சாவியை வாங்கிவிட்டார் என்று கடைவீதியில் பேச்சு இருந்தது. உண்மையா என்று யாரையும் கேட்டதில்லை. அந்தப் பேச்சு மட்டும் எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

அந்த வருடம் குப்பனூர் சாலையில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்தது. பகல் வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை. எங்கள் லாட்ஜில் சீசன் வந்துவிட்டால் என் கணவரை மகள் தூங்கும்போதுதான் பார்ப்பாள், அதாவது பார்க்கவே மாட்டாள். ரிசார்ட்டில் பேசிப் பார்த்தார். வேலை ஆர்டர் கைக்கு வரும்வரை மூச்சு விடக்கூடாது என்று நான்தான் சொன்னேன். மகளுக்கு முழு ஆண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் சாமான்களை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

எங்கள் வீட்டில் சிக்னல் அரைகுறைதான். எழுத்துச் செய்தி தட்டுத்தடுமாறி வந்துவிடும், வீடியோ ஏறாது. அதனால் அமைதியாக இருக்கும் நேரத்தில் வீட்டில் பதிவு செய்துகொண்டு, லேப்டாப்பைப் பையில் போட்டு ஸ்கூட்டியில் மேல் வளைவுக்குப் போவேன். அங்கே சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் நாலு கோடும் வரும். சீட்டின்மேல் லேப்டாப்பை விரித்துக் குழுவில் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். பனி இறங்குவதற்குள் போய்த் திரும்பும் அவசரம் எனக்கு. ஒரு நாள் பனியில் அந்த வளைவில் நின்று பாருங்கள், பிறகு கேளுங்கள்.

அன்றைக்கு எடுத்த வீடியோ, வாடிக்கையாளர் அறையை ரத்து செய்தால் என்ன செய்வது என்பது. நன்றாகப் பேசியிருந்தேன். வளைவுக்குப் போய் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். கணவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. "ரிசார்ட்ல எடுத்துக்கிட்டாங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் முதலாளிக்குத் தெரிய வேண்டாம்."

சந்தோஷம் பால் பொங்கும் நேரம்கூட நிற்கவில்லை. செய்தி வந்திருந்தது நான் பதிவு செய்துகொண்டிருந்த நேரத்தில். என் வாட்ஸ்அப் லேப்டாப்பிலும் திறந்தே இருக்கும். பதிவுக்கு முன் சத்தத்தை நிறுத்திவிடுவேன், அது போதும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். "இப்போது இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள்" என்று என் குரல் சொல்கிறது. திரையின் வலது மூலையில் என் கணவரின் செய்தி, ஒரு எழுத்து விடாமல், எழும்பி நின்றுவிட்டு மறைகிறது. நான் எதையும் கவனிக்காமல் ரத்து செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறேன்.

வீட்டிலிருந்தே அழிக்கப் பார்த்தேன், சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டை மறந்து, சுவெட்டரை மறந்து, வண்டியை எடுத்தேன். பனியில் முன்னால் போன ஜீப்பின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். யார் மேலாவது மோதியிருந்தால்கூட முதலில் வீடியோவை அழித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்திருப்பேன், அப்படி ஒரு பைத்தியம். வளைவில் நின்று குழுவைத் திறந்தேன். யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. எங்கள் முதலாளி.

எல்லோருக்குமாக அழித்தேன். அழிக்கப்பட்டது என்று அதுவே ஒரு வரியைப் போட்டு வைத்தது, எரிச்சலாக வந்தது. "ஒலி சரியில்லை, மறுபடி அனுப்புகிறேன்" என்று ஒரு பொய்யை அதன் கீழே எழுதினேன். கணவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மகளின் மேஜை, கொடியில் காயும் துணி, இரும்பு பீரோ எல்லாம் சாலையோரத்தில் நிற்பது கண்முன் வந்துபோனது. ஒருவழியாக அவரே கூப்பிட்டார். கோதுமை மாவு வாங்கி வரவா என்று கேட்கிற குரலில் பேசினார்.

"பாத்துட்டேன். பயப்படாத."

"எதப் பாத்தீங்க? எங்க பாத்தீங்க?"

"முதலாளி போன்லதான். அவரு எங்க வீடியோ பாப்பாரு? என் கையில குடுத்து, தம்பி, இதப் போட்டு எனக்கு வெளங்கச் சொல்லுங்கன்னாரு. போட்டா, மூலையில நம்ம சமாச்சாரம் வருது. கட்டை வெரல வெச்சு மறச்சுட்டேன்."

"அவரு கவனிக்கலீங்களா?"

"பக்கத்துலதான் நின்னாரு. ஒண்ணுமே கேக்கல. நொம்ப நல்லா வெளங்குச்சுன்னு போனை வாங்கிக்கிட்டாரு."

முதலாளிகள் என் வீடியோக்களைத் தாங்களே பார்ப்பதில்லை, மேனேஜர் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பல நாளாக ஒரு மனக்குறை. அன்றைக்கு அந்தப் பழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சாயங்காலம் கணவர் வந்ததும் அந்தக் கட்டை விரலைப் பிடித்து மகளுக்குத் தெரியாமல் முத்தம்கூடக் கொடுத்தேன். சிரித்தோம். தோசை ஊற்றப் போனேன்.

முதல் தோசையைத் திருப்பும்போது என் போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை, தனியாக எனக்கு. முதலாளி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். என் வீடியோ, வலது மூலை, கணவரின் செய்தி. அதைச் சுற்றி நேர்த்தியான சிவப்பு வட்டம். கீழே நான் சொல்லிக் கொடுத்தபடியே எழுதியிருந்தார். "சந்தேகம்: எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

தோசை கருகிற்று. கணவரிடம் போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் கழற்றிப் போட்ட சட்டையை மறுபடி மாட்டினார். மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனோம்.

முதலாளி ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்திருந்தேன். நாற்காலியைக் காட்டினார். என் கணவர், "ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் பாத்துட்டு, படமும் எடுத்துட்டுத்தான் தம்பி உங்க கையில குடுத்தேன். அப்பவாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க வெரல வெச்சு மறச்சீங்க."

வீடு போய்விடுமோ என்ற பயம் அப்போதும் எனக்குப் போகவில்லை, அதை மறைக்கப்போவதில்லை. கணவரால் கேட்க முடியவில்லை, நான்தான் வீட்டைப் பற்றி வாயெடுத்தேன். பழைய மேனேஜரிடம் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிய கதையையும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அவரு மாமனார் ஊட்டோட போறேன்னு அவரா வந்து சாவியக் குடுத்தாருங்க. நீங்க யார்கிட்டக் கேட்டீங்க?" என்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. "பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும். அப்பறமா ஊட்டப் பாத்துக்கலாம். போயிட்டு வாங்க."

பரீட்சை முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் காலி செய்தோம். அவரே வண்டி சொல்லிவிட்டார். இப்போது என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார், மகளோடு கேரம் ஆடுகிறார். நான் வாட்ஸ்அப்பை முழுதாக மூடிவிட்டுத்தான் பதிவு செய்கிறேன். அப்படியும் மூலையை மூன்று தடவை போட்டுப் பார்க்கிறேன், பனியோ மழையோ.

அவர் இன்னும் எங்கள் குழுவில்தான் இருக்கிறார். போன வாரம்கூட ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. வட்டம் அதே நேர்த்தி. கீழே எழுதியிருந்தார். "சந்தேகம்: மேடம், இந்த எடத்துல என்ன அழுத்தணுங்க?"

வேறு யாரும் என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை, மற்றவர்களுக்கு நான் இன்னும் கண்ணுதான். பதிலை வீடியோவாக எடுத்து அனுப்பினேன். நொம்ப நன்றிங்க மேடம் என்று உடனே பதில் வந்தது.